கோச்சை அனுப்பியாயிற்று, மேனேஜரை என்ன செய்வது?

(நம் முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். மலருக்காகக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன். பேச்சு வாடை இன்னும் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.)



நம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ அமெரிக்காவுல இருக்கே, மேனேஜ்மெண்ட் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். புத்தகத்தில் உள்ள மேனேஜ்மெண்டை இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரு விளையாட்டு அணியின் கதையைச் சொல்லப் போகிறேன். அண்ணன் முகம் மாறுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, விஷயம் மேனேஜ்மெண்ட்தான்.

நான் மெக்கானிக்கல் படித்தவன், நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2024-ஆம் ஆண்டு கடைசியில் என் அலுவலகத்தில் ஒரு சம்பவம். பெரிய பிராஜெக்ட் ஒன்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிராஜெக்ட் லீடரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த கேள்வி, அந்த லீடரைத் தேர்ந்தெடுத்த பிரிவுத் தலைவரை என்ன செய்வது? மூன்று பேரைக் கூப்பிட்டு, அவருடைய ஐந்து வருட வேலையைப் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்றார்கள். மூவரில் நான் ஒருவன். அவருக்கு 55 வயதுக்கு மேல். அவர் சேர்த்துவிட்ட இளைஞர்கள் ஏழெட்டுப் பேர். அவர் போனால் அவர்களில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதும் சந்தேகம். எங்கள் ஐந்து பக்க அறிக்கையில் இத்தனை பேருடைய சோறு இருந்தது.

அதே மாதங்களில் சாப்பாட்டு மேஜையில் இதே கேள்வி வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க் ஜெட்ஸ் என்ற ஃபுட்பால் அணி. பெயரில் நியூயார்க், விளையாடுவது நியூஜெர்சியில், என் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. 2024 அக்டோபர் 8-ஆம் தேதி கோச் ராபர்ட் சாலேயை நீக்கினார்கள். நவம்பர் 19-ஆம் தேதி ஜெனரல் மேனேஜர் ஜோ டக்ளஸையும் நீக்கினார்கள். இடையில் இருந்த ஆறு வாரமும், டக்ளஸ் நல்லவரா கெட்டவரா என்று எங்கள் மேஜையில் பட்டிமன்றம்.

ஃபுட்பால் என்றால் நம் கல்லூரி மைதானத்தில் மழையில் ஆடுவோமே, அது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், தலைக்கவசத்தோடு மோதுவார்கள். காலுக்கு வேலை குறைவு. அப்புறம் ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்று கேட்காதீர்கள், பதினைந்து வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் 32 அணிகள். ஜெனரல் மேனேஜரின் வேலை ஆட்களைச் சேர்ப்பது. கோச்சின் வேலை அந்த ஆட்களை வைத்து ஆடுவது. கல்யாண வீட்டில் மளிகை வாங்குகிறவர் ஒருவர், சமையல் மாஸ்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயசம் கெட்டுப்போனால் வெல்லம் சரியில்லை என்பார் மாஸ்டர், அடி பிடிக்க விட்டுவிட்டார் என்பார் மளிகைக்காரர். பில் பார்செல்ஸ் என்ற பெயர்பெற்ற கோச், சமையல் என்னுடையது என்றால் மளிகைக்கடைக்கும் என்னைத்தானே அனுப்ப வேண்டும் என்ற கருத்தில் ஒருமுறை சொன்னது அங்கே கிட்டத்தட்ட பழமொழி ஆகிவிட்டது. அவர் 1997-இல் ஜெட்ஸ் கோச்சாக வந்து சேர்ந்தார் என்பது ஒரு வேடிக்கை.

ஐ.பி.எல். மாதிரி அங்கே ஏலம் கிடையாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுப்பார்கள். முந்திய வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இதற்கு டிராஃப்ட் என்று பெயர், ஏழு சுற்று நடக்கும். வாய்ப்புகளையே ஒரு அணி இன்னொரு அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சம்பளத்துக்கு மொத்த வரம்பு உண்டு. 2024-இல் ஒரு அணிக்கு 25 கோடியே 54 லட்சம் டாலர். பணக்கார முதலாளி என்பதால் கூடக் கொட்ட முடியாது. எல்லோருக்கும் ஒரே பட்ஜெட் என்பதால்தான் மேனேஜரின் கெட்டிக்காரத்தனத்தை அளக்க முடியும் என்று நாம் நினைக்கிறோம்.

இப்போது டக்ளஸின் கணக்கு. 2019 ஜூனில் வந்தார். நீக்கப்பட்ட நாள் வரை அணி ஜெயித்தது 30, தோற்றது 64. இதைக் கேட்டதும் "இதுக்கு மேல என்ன சார் பேச்சு?" என்பீர்கள். என் மேஜை நண்பர் ஒருவரும் அதையேதான் சொன்னார். தலைமுறை தலைமுறையாக ஜெட்ஸ் ரசிகர் குடும்பம். ஜெட்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1969 ஜனவரியில், அதுவரை ஆனதும் அந்த ஒரு தடவைதான். அவர் கோபம் நியாயமானது.

ஆனால் இந்த 30-64 யாருடைய கணக்கு? முதல் இரண்டு வருடம் கோச் ஆடம் கேஸ். டக்ளஸ் வருவதற்கு முன்பே அவரை நியமித்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில் 9 வெற்றி, 23 தோல்வி. பிறகு 2021 ஜனவரியில் வந்த சாலே காலத்தில் 20-36. சாலே போனபின் டக்ளஸ் இருந்த ஆறு ஆட்டத்தில் 1-5. முதலாளி உட்டி ஜான்சன் 2017 முதல் 2021 வரை பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தார், அப்போது அணியைப் பார்த்துக்கொண்டவர் தம்பி கிறிஸ்டோபர். டக்ளஸும் சாலேயும் தம்பி காலத்தில் வந்தவர்கள். அண்ணன் காலத்தில் போனவர்கள். நம் ஊர்க் கம்பெனிகளிலும் இது நடக்கும், பார்த்திருப்பீர்கள்.

வெற்றி தோல்வி எண்ணிக்கையில் மேனேஜர், கோச், முதலாளி, அதிர்ஷ்டம் என்று நாலு பேர் கலந்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் நாலு குழாய் திறந்திருக்கும்போது மட்டம் இறங்குவதை மட்டும் பார்த்து இந்தக் குழாய்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு குழாயாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் மேஜையில் அதைத்தான் முயன்றோம்.

விற்றதைப் பார்ப்போம். 2020 ஜூலையில் ஜமால் ஆடம்ஸ் என்ற நட்சத்திர ஆட்டக்காரரை சியாட்டிலுக்கு விற்றார் டக்ளஸ். ஆடம்ஸுக்கு அணியில் இருக்கப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சண்டை. விற்றே ஆக வேண்டிய நிலையில் விலை குறையும் என்பதுதான் உலக வழக்கம். இவர் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளும் அதற்கு மேலும் வாங்கினார். ஆடம்ஸ் முதல் வருடத்துக்குப் பிறகு காயங்களால் ஒடிந்துபோனார், 2024-இல் சியாட்டிலே அவரை விடுவித்துவிட்டது. அந்த வாய்ப்புகளில் ஒன்றில்தான் 2022-இல் கேரட் வில்சன் வந்தார்.

2021 ஏப்ரலில் சாம் டார்னால்ட் என்ற குவார்ட்டர்பேக்கை கரோலினாவுக்கு விற்றார். (குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிபவர். எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் மாதிரி, அது சுற்றாவிட்டால் மற்றதெல்லாம் இரும்புதான்.) அதில் கிடைத்த இரண்டாம் சுற்று வாய்ப்பை வைத்து பிரீஸ் ஹால் என்ற அருமையான ஓட்டக்காரரைப் பிடித்தார். வியாபாரம் என்று பார்த்தால் இரண்டும் முதல் தரம்.

எடுத்ததைப் பார்ப்போம். 2022 டிராஃப்ட் ஒரு கனவு. 4-ஆவது இடத்தில் சாஸ் கார்ட்னர், 10-ஆவதில் கேரட் வில்சன், 26-ஆவதில் ஜெர்மெய்ன் ஜான்சன், 36-ஆவதில் பிரீஸ் ஹால். அந்த வருடம் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் சிறந்த புதுமுகம் விருது ஒரே அணிக்கு வந்தது, வில்சனுக்கும் கார்ட்னருக்கும். 2020-இல் அப்படி இல்லை. 11-ஆவது இடத்தில் மெக்காய் பெக்டன் என்ற மலை மாதிரி ஆளை எடுத்தார். முழங்கால் போயிற்று, 2022 முழுவதும் ஆடவே இல்லை. இரண்டு இடம் தள்ளி 13-ஆவதில் அதே வேலைக்கு டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் இருந்தார், அவர் டாம்பா பேவில் பெரிய ஆளானார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் டிராஃப்டை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பெற்றவர், சாதாரண ஆள் இல்லை. ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்படும் இரண்டு பேரில், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னால் மேலானவராக வருவது நூற்றுக்கு ஐம்பத்திச் சொச்சம் தடவைதான் என்று கண்டார்கள். அதாவது நாணயம் சுண்டுவதற்குக் கொஞ்சம் மேல். டக்ளஸ் ஐந்து டிராஃப்டில் எடுத்தது 40 பேர். நாற்பது பேரை வைத்து ஒருவருக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா? நம் தரக் கட்டுப்பாட்டுப் பேராசிரியர் பின் வரிசையில் இருக்கிறார், தலையை ஆட்டுகிறார். 2022-ஐ வைத்து மேதை என்பதும் தப்பு, 2020-ஐ வைத்து மடையன் என்பதும் தப்பு.

ஆனால் எல்லாத் தேர்வுக்கும் ஒரே எடை கிடையாது. 2020-இல் ஜெட்ஸ் முதல் 13 ஆட்டமும் தோற்றது. இன்னும் மூன்று தோற்றால் முதல் வாய்ப்பு, அதில் டிரெவர் லாரன்ஸ் என்ற குவார்ட்டர்பேக் உறுதி என்று ஊரே சொன்னது. கடைசி நேரத்தில் இரண்டு ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தார்கள். முதல் வாய்ப்பு ஜாக்சன்வில்லுக்குப் போயிற்று. இரண்டாவது வாய்ப்பில் டக்ளஸ் எடுத்தது சாக் வில்சன். மூன்று வருடம், 33 ஆட்டங்களைத் தொடங்கினார், ஜெயித்தது 12. சாக் வில்சன் ஒருவர் நாலு கார்ட்னரைச் சாப்பிட்டுவிட்டார் என்பது எங்கள் மேஜை நண்பரின் கணக்கு. 2022-இல் அணி 7-4 என்று நன்றாக நின்று, கடைசி ஆறு ஆட்டமும் தோற்றது. தடுப்பாட்டம் நாட்டிலேயே முதல் நாலில் ஒன்று. தாக்குதல் அணியோ கடைசி மூன்று ஆட்டத்தில் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. மளிகை எல்லாம் இருக்கிறது, அடுப்பு இல்லை.

சாக் வில்சனை எடுத்ததற்காகவும் டக்ளஸை நான் தூக்கில் போடமாட்டேன். இரண்டாவது இடத்தில் அந்தப் பையனைப் பலரும் எடுத்திருப்பார்கள் என்பதுதான் அன்றைய பேச்சு. என் குற்றப்பத்திரிகை வேறு இடத்தில் இருக்கிறது.

2023 ஏப்ரலில் கிரீன் பேயிலிருந்து ஏரன் ராட்ஜர்ஸைக் கொண்டுவந்தார்கள். நாலு தடவை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர், அப்போது வயது 39. செப்டம்பர் 11, திங்கள் இரவு, பஃபலோவுடன் முதல் ஆட்டம். நாலாவது பந்திலேயே குதிகால் தசைநார் அறுந்தது. அந்த வருடம் முடிந்தது. அந்த இரவு ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

துரதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. தசைநார் அறுந்ததற்கு டக்ளஸ் என்ன செய்வார்? ஆனால் பம்ப் ஹவுஸில் ஒரு பம்ப்தான் என்றால் பக்கத்தில் ஸ்டாண்ட்-பை வைக்க வேண்டும் என்று நமக்கு மூன்றாம் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பம்ப்புக்கு 39 வயது என்றால் இன்னும் கட்டாயம். ஜெட்ஸ் வைத்திருந்த ஸ்டாண்ட்-பை யார் தெரியுமா? அதே சாக் வில்சன். ஒர்க்ஷாப்பிலிருந்து ரிப்பேர் ஆகாமலே திரும்பி வந்த பம்ப். விபத்துக்குப் பிறகும் சந்தையில் உருப்படியாக யாரையும் வாங்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. 2022-இல் ஜெட்ஸிலேயே ஸ்டாண்ட்-பையாக இருந்தவர் ஜோ ஃபிளாக்கோ. ஒப்பந்தம் முடிந்து, 2023-இல் யாரும் கூப்பிடாமல் வீட்டில் இருந்தார். நவம்பரில் கிளீவ்லேண்ட் அவரைச் சேர்த்தது. ஐந்து ஆட்டத்தில் நாலு ஜெயித்து அந்த அணியை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தை உறுதிசெய்த ஆட்டம் டிசம்பர் 28-ஆம் தேதி, 37-20. எதிரணி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டக்ளஸுக்கு இது தெரியாத பாடம் என்றால் மன்னிக்கலாம். அவர் ஜெட்ஸுக்கு வருமுன் 2016 முதல் 2019 வரை பிலடெல்பியா ஈகிள்ஸில் ஆள் தேர்வுப் பிரிவின் துணைத் தலைவர். 2017 டிசம்பரில் அந்த அணியின் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போயிற்று. ஸ்டாண்ட்-பை நிக் ஃபோல்ஸ் இறங்கினார். 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுலையே ஜெயித்தார்கள், 41-33. ஸ்டாண்ட்-பை என்றால் என்ன என்பதை உலகத்திலேயே மிக அருகில் நின்று பார்த்த அலுவலகத்தில் இருந்தவர் டக்ளஸ். அவர் 2023-இல் அதைச் செய்யாமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்லக்கூடிய குறை இது, பின்னால் நடந்ததை வைத்து இல்லை. 2024-இல் டைராட் டெய்லர் என்ற அனுபவசாலியை ஸ்டாண்ட்-பையாகக் கொண்டுவந்தார்கள். மழை விட்ட பிறகு குடை. அந்த வருடம் ராட்ஜர்ஸ் 17 ஆட்டத்தையும் தொடங்கினார்!

இப்போது ஈகிள்ஸில் டக்ளஸின் மேலதிகாரியைப் பாருங்கள். பெயர் ஹோவி ரோஸ்மன். 2020-இல் ஈகிள்ஸ் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு டை. மூன்று வருடத்துக்கு முன் கோப்பை வாங்கிக்கொடுத்த கோச் டக் பீடர்சனை 2021 ஜனவரியில் நீக்கினார்கள். ஊர் முழுக்க "மேனேஜரையும் அனுப்பு" என்று கத்தியது. காரணமும் இருந்தது. 2020 டிராஃப்டில் ஜஸ்டின் ஜெஃபர்சன் கையெட்டும் தூரத்தில் இருக்க, 21-ஆவதில் ஜேலன் ரேகரை எடுத்தார். ஜெஃபர்சன் அடுத்த இடத்திலேயே மினசோட்டாவுக்குப் போய்ப் பெரிய நட்சத்திரமானார். அதே டிராஃப்டில் 53-ஆவது இடத்தில் ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக். வென்ட்ஸுக்குப் பெரிய ஒப்பந்தம் போட்டு ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, இரண்டாம் சுற்று வாய்ப்பை ஸ்டாண்ட்-பைக்கு யாராவது செலவழிப்பார்களா என்று பரிகாசம் செய்தார்கள்.

முதலாளி ஜெஃப்ரி லூரி ரோஸ்மனை வைத்துக்கொண்டார். வென்ட்ஸ் போனார், பரிகாசம் செய்யப்பட்ட ஹர்ட்ஸ் நின்றார். புதுக் கோச் நிக் சிரியானி. 2023 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டியிடம் 38-35 என்று தோற்றார்கள். 2025 பிப்ரவரியில் அதே கன்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்தார்கள், ஆட்ட நாயகன் ஹர்ட்ஸ். அந்த அணியில் வலது கார்டு இடத்தில் ஆடியவர் யார்? ஜெட்ஸ் கைவிட்ட மெக்காய் பெக்டன்.

இதைச் சொன்னதும் மேஜையில் ஒருவர், "அப்ப கோச் போனாலும் மேனேஜரை வச்சுக்கணும்னு சொல்றியா?" என்றார். அப்படி நான் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் ரோஸ்மனையும் டக்ளஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தால், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், இரண்டு பேருமே தேறமாட்டார்கள். ஒருவர் கணக்கில் ஹர்ட்ஸ் என்ற வரவு இருந்தது, யாரும் அதை வரவாக எழுதவில்லை. செலவு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

சாலே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தலைப்பே அதுதான். 2024 அக்டோபர் 6, லண்டனில் ஆட்டம். மினசோட்டா 23, ஜெட்ஸ் 17. ராட்ஜர்ஸ் மூன்று தடவை பந்தை எதிராளி கையில் கொடுத்தார். ஜெயித்த குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட், ஆமாம், டக்ளஸ் விற்ற அதே டார்னால்ட். அந்த வருடம் அவர் அணிக்கு 14 வெற்றி. இரண்டாம் நாள் சாலே நீக்கம். அப்போது அணி 2-3. பாழாய்ப்போனது என்று சொல்லக்கூடிய நிலை இல்லை.

இது ஒரு பரிசோதனை மாதிரி ஆயிற்று. ஆட்கள் அதே, கோச் மட்டும் மாற்றம். கோச்தான் கோளாறு என்றால் அணி தேற வேண்டும். ஜெஃப் உல்ப்ரிக் பொறுப்பேற்ற 12 ஆட்டத்தில் 3 வெற்றி, 9 தோல்வி. அக்டோபர் நடுவில் டவான்டே ஆடம்ஸ் என்ற பெரிய நட்சத்திரத்தையும் வாங்கிக்கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வருடம் 5-12 என்று முடிந்தது. அப்போ மளிகைதான் கெட்டது என்று முடிவு கட்டலாமா? சுத்தமான பரிசோதனை என்றால் கட்டலாம். ஆனால் சாலே தடுப்பாட்டத்தில் வல்லவர், உல்ப்ரிக் அவருடைய தடுப்பாட்டப் பொறுப்பாளர். ஒரு ஆளைப் பிடுங்கி இரண்டு பேர் வேலையைக் கெடுத்தார்கள். ஓடுகிற வண்டியில் டிரைவரை இறக்கிவிட்டு கண்டக்டரை ஓட்டச் சொன்னால், வண்டி நல்ல வண்டியா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கோச்சை நடுவில் அனுப்புவதில் உள்ள நஷ்டம் இதுதான். அதற்குப் பிறகு வரும் எண்கள் மேனேஜரைப் பற்றி எதையும் ஒழுங்காகச் சொல்லாது.

என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். டக்ளஸ் நல்ல வியாபாரி, நல்ல டிராஃப்ட் கண் உள்ளவர் என்பதற்கு ஓரளவு சாட்சி உண்டு. 30-64 என்ற எண்ணுக்காக அவரை அனுப்பியது சரியில்லை. ஸ்டாண்ட்-பை இல்லாத 2023-க்காக அனுப்பியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஆனால் அதை 2024 ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டும். 39 வயது ஆளுக்காக அணி முழுவதையும் வளைத்தது அவர் தனி முடிவா, முதலாளி ஆசையா என்பதை வெளியிலிருந்து பிரிக்க முடியாது. நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பட்டிமன்றம் எங்கள் அறிக்கைக்கு உதவியது. பிரிவுத் தலைவரின் ஐந்து வருடத்தில் பிராஜெக்ட் எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது என்பதை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். மிச்சப் பக்கங்களில் அவர் எடுத்த ஒவ்வொரு பெரிய முடிவுக்கும், அது அவருடைய முடிவுதானா, அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும், அதே செலவில் வேறு என்ன கிடைத்திருக்கும் என்று எழுதினோம். பழைய கடிதங்களைத் தோண்டியபோது, இரண்டாவது லீடர் ஒருவர் வேண்டும் என்று அவர் இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்ததும், மேலே இரண்டு தடவையும் மறுத்ததும் கிடைத்தது. அதை அப்படியே சேர்த்தோம். சேர்க்கலாமா வேண்டாமா என்று மூன்று பேருக்குள் ஒரு வாரம் சண்டை, ஏனென்றால் மறுத்தவருக்குத்தான் அறிக்கை போகிறது. அவர் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிரிவுத் தலைவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். பிராஜெக்ட் எட்டு மாதம் தாமதமாக முடிந்தது.

பேசுவதற்கு முன் காபி குடிக்கும்போது ஒரு இறுதியாண்டு மாணவி கேட்டார்: "அண்ணா, கேம்பஸ்ல எங்களைத் தேர்ந்தெடுத்தவரையே நாங்க சேர்றதுக்குள்ள அனுப்பிட்டா, எங்க கதி என்ன?" நல்ல கேள்வி. டக்ளஸ் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். 2025 ஜனவரியில் புது மேனேஜர் டேரன் மௌஜி, புதுக் கோச் ஏரன் கிளென் வந்தார்கள். ராட்ஜர்ஸை விடுவித்தார்கள், அதற்கே கணக்கில் 4 கோடியே 90 லட்சம் டாலர் பாரம். ஜூலையில் கேரட் வில்சனுக்கும் கார்ட்னருக்கும் பெரிய ஒப்பந்தம் போட்டார்கள், கார்ட்னருக்கு நாலு வருடத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல். அவருடைய இடத்தில் ஆடுபவர்களில் அதுவே அப்போது மிக அதிகம். நாலே மாதத்தில், நவம்பர் 4-ஆம் தேதி, அதே கார்ட்னரை இண்டியானாபொலிஸுக்கு விற்றுவிட்டார்கள். கிடைத்தது 2026, 2027 இரண்டு வருட முதல் சுற்று வாய்ப்புகளும் ஒரு ஆட்டக்காரரும். ஆகவே தங்கச்சி, தேர்ந்தெடுத்தவர் போனாலும் சம்பளம் வரும், ஆனால் பெட்டியைக் கட்டித் தயாராக வைத்திரு.

அந்த இரண்டு வாய்ப்புகளில் வருகிற பையன்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று தெரிய 2030 ஆகிவிடும். டக்ளஸ் 2022-இல் எடுத்த ஒரு ஆளின் கணக்கு அன்றைக்குத்தான் முடியும். நண்பரிடம் அதுவரை பந்தயத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சாப்பாடு தயார் என்று நினைக்கிறேன், மளிகை யார் வாங்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.